கட்டடம் பிறகு, முதலில் ஒரு வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் திருப்பலியின் முடிவில் வாசிக்கப்பட்ட அறிவிப்பை, வழக்கம்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஆலயத்தின் வடபுறம் லூர்து கெபிக்கும் மறைக்கல்வி அறைக்கும் நடுவே கிடக்கும் காலியிடத்தில் பங்கின் பொன்விழா நினைவாக, திருப்பலியில் ஆண்டவரின் உடலாகும் அப்பமான நற்கருணையை எழுந்தருளச் செய்து, அதாவது மக்கள்முன் வைத்து, வணங்குவதற்கென ஆராதனைச் சிற்றாலயம் ஒன்று எழுப்பப்படும் என்றும், அடுத்த திருவிழாவின்போது ஆயர் அதை அர்ச்சித்துத் திறந்துவைப்பார் என்றும், அன்று தொடங்கி அங்கே இரவும் பகலும் இடைவிடா ஆராதனை நடைபெறும் என்றும், அதற்கான நன்கொடைச் சீட்டுகள் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் வழியாக இந்த மாதமே வீடு வீடாக வரும் என்றும் அறிவித்தீர்கள். ஆராதனை வேண்டும் என்ற குரல் பீடத்திலிருந்தே எழுந்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மகிழ்ச்சியோடுதான் இதையும் கேட்கிறேன்: சீட்டுப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், ஓராண்டுக் காலம், இருக்கிற ஆலயத்திலேயே, வாரத்தில் ஒரே ஒரு நாள், பகல் முழுவதும் ஆராதனை நடத்திப் பார்ப்போம். அது நிலைத்தால் கட்டுவோம். கட்டும்போது என் பங்கையும் தருவேன்.

இதைப் பேரவைக் கூட்டத்தில் சொல்லாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. கட்டடத்தைப் பேரவை கட்டிவிடலாம். ஆனால் அதற்குள் வந்து மணிக்கணக்கில் உட்கார வேண்டியவர்கள் பேரவைக்கு வெளியே, பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டும், மில்லில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டும், பள்ளி வேன் வரும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டும் தத்தம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் பணம் கேட்கப்போகிறோம் என்று அறிவித்தாகிவிட்டது. நேரம் கேட்கப்போகிறோம் என்று இன்னும் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

நான் இப்படி எச்சரிக்கையாகப் பேசுவதற்குப் பின்னால் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வேலையின் பொருட்டு வேறொரு ஊரில் குடியிருந்தேன். அந்த ஊர்ப் பங்கிலும் இப்படித்தான் தொடங்கினார்கள். தரையெல்லாம் கிரானைட், சுவரில் தேக்குப் பலகை, குளிர்சாதன வசதி, வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவர் வாங்கிக்கொடுத்த, நற்கருணையை வைத்துக் காட்டும் ஆளுயரக் கதிர்ப்பாத்திரம் என்று எல்லாம் சிறப்பாகவே அமைந்தன. திறப்பு விழா அன்று மேசை போட்டு உட்கார்ந்து பெயர் எழுதியவன் நான்தான்; வரிசையில் நின்று பெயர் கொடுத்தவர்களைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. முதல் மாதம் நடந்தது. இரண்டாம் மாதத்தில் நள்ளிரவு முதல் விடியற்காலை வரையான மணிகள் காலியாயின. அவற்றை நிரப்ப இளைஞர்களைக் கேட்டோம், தேர்வு வந்ததும் அவர்கள் நின்றுகொண்டார்கள். பிறகு மதிய நேரங்கள் போயின. தன் மணி முடிந்தும் அடுத்தவர் வராததால் எழுந்து போகவும் முடியாமல், வீட்டில் உலை வைத்துவிட்டு வந்திருந்த ஓர் அம்மா மூன்று மணி நேரம் முழந்தாளிலும் உட்கார்ந்தும் தவித்த நாள் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. அதற்கடுத்த வாரமும் அவர் வந்தார். அதற்கடுத்த வாரம் வரவில்லை. கடைசியில் வராதவர்களுடைய மணிகளையெல்லாம் கோயில்பிள்ளையே உட்கார்ந்து ஈடுகட்டினார். அவருக்கு மணியடிக்கவும், பீடம் துடைக்கவும், சாவுக்குக் கொடி எடுக்கவும் வேலை இருந்தது. பங்குத்தந்தைக்குப் பணிமாற்றம் வந்தது. புதிதாக வந்தவர் இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கதிர்ப்பாத்திரத்தை ஆலயத்துக்குள் எடுத்துச் சென்று, சிற்றாலயத்தைப் பூட்டினார். பூட்டியவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆளில்லாத இடத்தில் ஆண்டவரை எழுந்தருளச் செய்து வைத்திருந்த எங்களைவிட அவர் சரியாகவே நடந்துகொண்டார்.

ஏனென்றால் திருச்சபையின் ஒழுங்கு இதில் தெளிவாக இருக்கிறது. 2004ஆம் ஆண்டு மார்ச் 25 தேதியிட்ட 'மீட்பின் அருளடையாளம்' பற்றிய உரோமை அறிவுறுத்தல், ஆராதனைக்கு எழுந்தருளச் செய்யப்பட்ட நற்கருணையை மிகக் குறுகிய நேரம்கூட ஆளின்றி விடக்கூடாது என்றும், ஆகவே முறை வைத்தேனும் நம்பிக்கையாளர் சிலர் எப்போதும் உடனிருக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் 138ஆம் எண்ணில் சொல்கிறது. மிகக் குறுகிய நேரம்கூட என்ற அந்தச் சொற்களை நன்கொடைச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டால் நல்லது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் தனியாக இருந்தால் மயக்கமோ, அவசரமோ வந்தால் என்ன செய்வது என்பதற்காக மணிக்கு இருவர் என்று வைத்தால் 336 பேர். நம் பங்கில் ஏறத்தாழ 400 குடும்பங்கள். அவற்றில் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருகிறவர்கள் எத்தனை என்பதை உண்டியல் எண்ணுகிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இடைவிடா ஆராதனை நம்மால் முடியவே முடியாது என்று சொல்ல நான் வரவில்லை. முதல் நாளிலேயே அதை அறிவிப்பது, நடக்கப் பழகாத பிள்ளையைத் தேர்வடம் இழுக்க நிறுத்துவது போன்றது.

இத்தகைய ஆராதனை நீடித்து நிற்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். பாரிஸ் நகரின் மோன்மார்த்தர் குன்றிலுள்ள திருஇருதயப் பேராலயத்தில் 1885 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய ஆராதனை இரண்டு உலகப் போர்களின்போதும் அறுபடாமல் தொடர்ந்தது. அங்கே இரவில் தங்கி ஆராதிக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் பதிந்துகொண்டு வருகிறார்கள். ஆனால் அதற்கு ஏறத்தாழ 37 ஆண்டுகளுக்கு முன்னமே, 1848 டிசம்பர் 6 இரவில், அதே நகரின் வெற்றி அன்னை ஆலயத்தில் ஹெர்மன் கோகன் என்பவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு இரவு ஆராதனையைத் தொடங்கியிருந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து, இசைமேதை லிஸ்டிடம் பியானோ பயின்று, பிறகு கத்தோலிக்கராகி, பின்னாளில் கார்மேல் சபைத் துறவியானவர் அவர். அந்த இரவுக்காக அவர் புதிதாக ஓர் ஆலயம் கட்டவில்லை. விழித்திருக்க இசைந்தவர்களைத்தான் தேடிச் சேர்த்தார். உரோமையில்கூடப் புனித பேதுரு பேராலயத்துக்குள்ளேயே இருந்த ஒரு சிற்றாலயத்தில்தான் 1981 டிசம்பர் 2 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நாள்தோறும் நடக்கும் ஆராதனையைத் தொடங்கிவைத்தார்.

இனி என் வேண்டுகோளை விரிவாகச் சொல்கிறேன். நாள் வியாழக்கிழமையாக இருக்கட்டும். ஆண்டவர் நற்கருணையை ஏற்படுத்தியது பெரிய வியாழன் மாலை என்பது முதற்காரணம். செவ்வாய் அந்தோனியாருக்கும், புதன் சகாய மாதாவுக்கும், வெள்ளி திருஇருதயத்துக்கும், சனி மாதா செபமாலைக்கும் நம் ஊரில் ஏற்கெனவே பட்டா ஆகிவிட்டன, வியாழன் மட்டுமே காலியாக இருக்கிறது என்பது நடைமுறைக் காரணம். காலை 6 மணித் திருப்பலியில் எழுந்தேற்றம் செய்யப்பட்ட, அதாவது ஆண்டவரின் உடலாக அர்ச்சிக்கப்பட்ட, அப்பத்தையே திருப்பலி முடிந்ததும் கதிர்ப்பாத்திரத்தில் வைத்து எழுந்தருளச் செய்தால், ஆராதனை திருப்பலியிலிருந்து பிறந்து வருவது மக்களின் கண்ணுக்கே தெரியும். 7 மணி முதல் மாலை 7 மணி வரை 12 மணி நேரம். மணிக்கு இருவராக 24 பேர். அவர்களில் யாருக்கேனும் முடியாமல் போனால் வர ஒப்புக்கொண்ட மாற்று ஆட்கள் 12 பேர். மாலை 7 மணிக்குக் கதிர்ப்பாத்திரத்தை உயர்த்தி வழங்கும் நற்கருணை ஆசீர். மொத்தம் 36 பெயர்கள். இந்த 36 பெயர்களை நம்மால் ஓராண்டு காப்பாற்ற முடியவில்லையென்றால், 336 பெயர்களை நம்பிக் கட்டடம் கட்டுவது நியாயமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பெயர்களை எப்படிச் சேர்ப்பது என்பதில் மட்டும் ஒரு சொல். பீடத்திலிருந்து பொதுவாக அறிவித்து, கைதூக்கச் சொல்லிப் பெயர் எழுதாதீர்கள். கூட்டத்தில் தூக்கப்பட்ட கை வீட்டுக்குப் போனதும் இறங்கிவிடும். ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, எந்த மணி அவர்களுக்குத் தோதுப்படும் என்று கேட்டு, அதே மணியை வாராவாரம் அவர்களுக்கே உரியதாக்குங்கள். மாறி மாறி வரும் முறை காகிதத்தில் நியாயமாகத் தெரியும். நடைமுறையில் யாருக்கும் தன் முறை நினைவிருக்காது. வியாழன் காலை 9 மணி என்றால் இன்ன அம்மாவும் இன்ன அண்ணாச்சியும் என்று ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்களுக்கு 9 மணி. பென்ஷன் வாங்கும் பெரியவர்களுக்கு 11 மணி. இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வரக்கூடியவர்களுக்கு 7 மணி. ஆசிரியர்களுக்கு மாலை 5 மணி. பீடி சுற்றும் பெண்களைக் கேட்காமலே விட்டுவிட வேண்டாம். ஒரு மணி நேரம் என்பது அவர்களுக்குக் கூலிக்கணக்கில் ஒரு தொகை என்பது உண்மைதான், ஆனாலும் மே மாதம் முப்பத்தொரு நாளும் செபமாலைக்குத் தவறாமல் வருகிறவர்களும் அவர்கள்தாம். மூன்று மூன்று மணியாக நான்கு பகுதிகள் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பொறுப்பாக இருந்தால் போதும். புதன்கிழமை மாலை தன் பகுதியிலுள்ள ஆறு பேருக்குத் தொலைபேசியில் நினைவூட்டுவதும், வராதவருக்கு மாற்று ஆளை அழைப்பதும் அவர் வேலை. வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்குவார்கள் என்று தெரியும். தொடங்கட்டும், காலை வணக்கப் படங்கள் அதில் வராமலிருக்க ஆண்டவர்தாம் அருள்புரிய வேண்டும்.

நமக்கு இது புதிய பழக்கமும் அன்று. பெரிய வியாழன் இரவு, திருவிருந்துத் திருப்பலி முடிந்து நற்கருணையை இடமாற்றப் பவனியாகக் கொண்டுபோய் வைத்தபின், எந்த அன்பியத்துக்கு எந்த மணி என்று ஆலயக் கதவில் ஒட்டப்படும் தாளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். அந்த இரவில் நம் ஆலயம் காலியாக இருந்து நான் கண்டதில்லை. அதே நேரத்தில் அந்தத் தாளின் குறையையும் கண்டிருக்கிறேன்: அன்பியத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும், ஆளின் பெயர் இருக்காது. 9 மணிக்குரிய அன்பியம் கூட்டமாக வந்து பாடிவிட்டுக் கூட்டமாக எழுந்து போகும். 11 மணிக்குரிய அன்பியத்தில் யாருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாமல், மரியாயின் சேனைப் பாட்டிகள் நான்கு பேர் மட்டும் கெத்சமனித் தோட்டத்தில் தூங்கிவிட்ட சீடர்களைப் போலன்றி விழித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டுக்கு ஓர் இரவு என்பதால் இந்தக் குறையைத் தாங்கிக்கொள்கிறோம். வாரந்தோறும் என்றால் அன்பியத்தின் பெயர் போதாது. ஆளின் பெயர் வேண்டும்.

அடுத்து, அந்த மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். நம் முதல் வெள்ளி ஆராதனையில் ஒலிபெருக்கி ஓய்வதில்லை. ஒரு பாடல் முடிந்ததும் ஒரு மன்றாட்டு, மன்றாட்டு முடிந்ததும் ஒரு சாட்சியம், அது முடிந்ததும் கைதட்டல், பிறகு மறுபடியும் பாடல். ஆண்டவரிடம் நாம் அத்தனை பேரும் சேர்ந்து பேசுகிறோம். அவர் ஒரு சொல் பேச நினைத்தாலும் எங்கே இடைவெளி? பாடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருப்பலிக்கு வெளியே நடைபெறும் நற்கருணை வழிபாட்டுக்கென 1973ஆம் ஆண்டு உரோமை வெளியிட்ட சடங்குமுறை நூலே வாசகமும், பாடலும், மன்றாட்டும் இருக்கட்டும் என்கிறது. ஆனால் அவற்றோடு அமைதியான செபத்துக்குத் தக்க நேரம் வேண்டும் என்றும் சொல்கிறது. செபமாலை சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு, சொல்லலாம் என்று நான் முன்பு குறிப்பிட்ட 2004ஆம் ஆண்டு அறிவுறுத்தலே 137ஆம் எண்ணில் இடம் தருகிறது. வியாழக்கிழமை மணிகளில் ஒலிபெருக்கியை அணைத்து வையுங்கள். காலையில் தொடங்கும்போதும் மாலையில் ஆசீரின்போதும் பாடல் குழு பாடட்டும். நடுவே வருகிறவர் விவிலியம் வாசிக்கலாம், செபமாலை உருட்டலாம், சும்மா உட்கார்ந்தும் இருக்கலாம். சும்மா இருப்பது எளிதன்று என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கடனும், மகளின் கல்யாணமும், பக்கத்து வீட்டுக்காரன் போட்ட வேலியும் நினைவுக்கு வரும்; அவற்றை விரட்டிக்கொண்டிராமல் அங்கேயே அவர் முன்னால் எடுத்து வைக்கலாம் என்று யாராவது தொடக்கத்தில் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அதே 1973ஆம் ஆண்டு நூலில் நம் ஊர் நவநாள்களைச் சங்கடப்படுத்தக்கூடிய ஓர் ஒழுங்கும் இருக்கிறது. ஆசீர் கொடுப்பதற்கென்று மட்டுமே நற்கருணையை எழுந்தருளச் செய்வதை அது தடை செய்கிறது. திருவிழா நாள்களில் மறையுரை முடிந்து, நேரமாகிவிட்டது என்று, கதிர்ப்பாத்திரத்தை எடுத்து வைத்து, தூபம் காட்டி, ஒரு பாடலோடு ஐந்து நிமிடத்தில் ஆசீரை முடித்து அனுப்பும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்திலும் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் முழுவதும் மக்கள் முறை வைத்து ஆராதித்து, அதன் நிறைவாக மாலையில் வரும் ஆசீரைக் கண்டால், அந்த ஆசீர் எதற்காக என்பது ஊருக்குத் தானே விளங்கும்.

நடைமுறையில் எழக்கூடிய இரண்டு சிக்கல்களுக்கும் முன்னதாகவே வழி சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை பிற்பகல் திடீரென ஓர் அடக்கத் திருப்பலி வரும். திருப்பலி நடக்கும் அதே இடத்தில் நற்கருணை எழுந்தருளியிருக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 941ஆம் எண் விதிப்பதால், நற்கருணையை முறைப்படிப் பேழைக்குள் வைத்துவிட்டு, அடக்கம் முடிந்து வந்து மீண்டும் எழுந்தருளச் செய்ய வேண்டும். அன்று பங்குத்தந்தை மறைவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்றால், அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது: 943ஆம் எண்ணின்படி ஆசீர் வழங்குவது அருள்பணியாளருக்கோ திருத்தொண்டருக்கோ மட்டுமே உரியது, ஆனால் சிறப்புச் சூழ்நிலையில், ஆசீரின்றி எழுந்தருளச் செய்யவும் மீண்டும் பேழைக்குள் வைக்கவும் நற்கருணைச் சிறப்புப் பணியாளர்களும் அனுமதிக்கப்படலாம். நம் பங்கில் அத்தகைய பணியாளர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்கு அதை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுத்து, பேழையின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முடிவு செய்துவிட்டால் போதும். இரண்டாவது சிக்கல், ஆளில்லாத மதிய நேரம். தொடர்ச்சியாக நடத்த ஆள் போதாத இடங்களில் நாளுக்கு இருமுறைக்கு மிகாமல், முன்கூட்டியே அறிவித்த நேரங்களில், நற்கருணையைப் பேழைக்குள் வைத்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம் என்று 1973ஆம் ஆண்டு நூல் அனுமதிக்கிறது. ஆகவே 12 மணி நேரமும் நிரம்பவில்லையென்றால் வெட்கப்பட வேண்டியதில்லை. காலை 7 முதல் 12 வரையும், பிற்பகல் 4 முதல் 7 வரையும் நடத்தலாம். நடுவில் கதவை மட்டும் பூட்ட வேண்டாம். நற்கருணை வைக்கப்பட்டுள்ள ஆலயம் கனமான காரணமின்றி அடைக்கப்படாமல், நாள்தோறும் சில மணி நேரமாவது மக்கள் வந்து செபிக்கும்படி திறந்திருக்க வேண்டும் என்பது 937ஆம் எண். உண்டியல் திருட்டுக்குப் பின் நம் ஆலயம் பகலெல்லாம் பூட்டிக் கிடப்பதை இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன். வியாழக்கிழமைகளில் ஆராதனை நேரமெல்லாம் உள்ளே இருவர் இருப்பார்கள். காவலுக்குத் தனியே ஆள் தேவையில்லை.

பேரவையில் இரண்டு எதிர்ப்புகள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஆண்டவர் உண்ணத்தானே தம்மைத் தந்தார், பார்த்துக்கொண்டிருக்கவா தந்தார் என்பது ஒன்று. சிந்தனையாளர்கள் மட்டுமல்ல, குருமாணவர்கள்கூட இதைக் கேட்டு நான் கேட்டிருக்கிறேன். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட நற்கருணை பற்றிய ஊக்கவுரையில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, புனித அகுஸ்தினாரின் சொற்களையே மறுமொழியாக வைத்தார்: முதலில் ஆராதிக்காமல் எவரும் அந்த உடலை உண்பதில்லை, ஆராதிக்காவிட்டால் நாம் பாவம் செய்தவர்களாவோம் என்பது அதன் பொருள். அறிமுகமில்லாதவர் வீட்டில் கைநனைத்துவிட்டு, வீட்டுக்காரர் முகத்தை ஏறிட்டும் பாராமல் எழுந்து வந்தால் நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்பதையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழைகளுக்குச் செய்ய வேண்டியது கிடக்க இது எதற்கு என்பது மற்றொன்று. இதை நான் முந்தையதைவிட மதிக்கிறேன். கிறிஸ்துவின் உடலுக்கு ஆலயத்தில் பட்டுடுத்தி மகிமை செய்துவிட்டு, வெளியே ஆடையின்றிக் குளிரில் நடுங்கும் அவரையே புறக்கணிக்காதே என்று புனித யோவான் கிறிசோஸ்தோம் மத்தேயு நற்செய்திக்கான மறையுரையில் சொன்னது, தேக்குப் பலகையும் கிரானைட்டும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நமக்கும் பொருந்தும். ஆனால் ஆராதனையும் பிறரன்புப் பணியும் ஒன்றுக்கொன்று போட்டி என்று கொல்கத்தா அன்னை தெரசாவிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிச் சென்ற அவருடைய சபைச் சகோதரிகள் 1973 முதல் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை ஆராதனைக்கு ஒதுக்கினார்கள். வேலை குறைவாக இருந்ததால் அல்ல. நம் வின்சென்ட் தே பவுல் சபையார் மாதந்தோறும் அரிசி கொடுக்கும் குடும்பங்களின் பெயர்களை, வியாழக்கிழமை உட்காருகிறவர்கள் செபிக்கும்படி ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்பது என் யோசனை. கட்டடத்துக்கு வாங்காமல் விடும் பணத்தில் ஒரு பகுதி அவர்களுக்குப் போனாலும் ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

தந்தை அவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. வியாழக்கிழமைகளில் நீங்களும் ஒரு மணியை எடுத்துக்கொண்டு, மக்களோடு மக்களாக, முன்வரிசை நாற்காலியைத் தவிர்த்து ஒரு பெஞ்சில் உட்காருங்கள். நீங்கள் ஒரு மறையுரையும் நிகழ்த்த வேண்டாம். பங்குத்தந்தை ஒரு மணி நேரம் செல்பேசி இல்லாமல் முழந்தாளில் இருப்பதைப் பார்த்த ஊர், பெயர் கொடுக்கத் தயங்காது. ஒப்புரவு அருளடையாளத்துக்கும் அந்த நாளில் ஒரு நேரத்தை அறிவித்தால், அமைதியில் உட்கார்ந்து எழுகிறவர்களில் சிலர் நேரே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருவார்கள். நீங்கள் இன்னும் இரண்டு ஆண்டில் பணிமாற்றமாகிப் போவீர்கள் என்பதையும் மனதில் வைத்தே இதைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. உங்களுக்குப் பின் வருகிறவரின் கையில் கட்டடத்தின் சாவியை மட்டும் கொடுத்தால் அவருக்கு அது சுமை. தவறாமல் நடந்துவரும் ஒரு வியாழக்கிழமையையும், பெயரும் மணியும் எழுதிய பதிவேட்டையும், புதன்கிழமை தொலைபேசியில் அழைக்கும் நான்கு பேரையும் கொடுத்தால், அவர் அதை நிறுத்த வேண்டிய காரணமே இராது. அந்த நான்கு பேரும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பதைப் பேரவைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பொறுப்பு சொத்தாகிவிட்டால் என்னாகும் என்பதைத் தேர்க்கமிட்டியில் பார்த்துவிட்டோம்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வரி. புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகளை வியாழன் மாலை 5 மணிக்குப் பத்து நிமிடம் கூட்டிவந்து உட்கார வையுங்கள். பத்து நிமிடம் போதும். பதினைந்தாவது நிமிடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கிள்ளத் தொடங்குவார்கள், அவர்களை அதட்டும் சத்தத்தில் மற்றவர்களின் செபமும் போய்விடும். 2006இல் 15 வயதில் இறந்து, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதிஸ் கணினியில் நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்த பையன் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்; அவர் நாள்தோறும் திருப்பலிக்குச் சென்று, அதையொட்டி நற்கருணைமுன் அமர்ந்திருந்ததையும் சொல்லிக்கொடுங்கள்.

இரவு ஆராதனையைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம் என்பது என் கருத்து. வடபுறச் சந்தில் தெருவிளக்கு எரிந்து மாதங்களாகின்றன, நாய்த்தொல்லை வேறு. பெண்களை நள்ளிரவில் அந்த வழியே தனியாக வரச்சொல்ல நமக்கு உரிமையில்லை. ஓராண்டு வியாழக்கிழமைகள் தவறாமல் நடந்தபின், மாதம் ஒருநாள் முதல் வெள்ளிக்கு முந்திய இரவு 10 மணி வரை நீட்டிப் பார்க்கலாம். அதன்பின் இரண்டு நாள்கள், அதன்பின் மற்றவை. இடைவிடா ஆராதனைக்கு ஆயரின் இசைவும் வேண்டும். அப்போது அவர் முன் வைக்க நம்மிடம் ஒரு வரைபடமும் ரசீதுப் புத்தகமும் இருப்பதைவிட, 52 வாரம் நிரம்பிய பதிவேடு இருப்பது மேல். ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க உங்களுக்கு வலுவில்லையா என்று ஆண்டவர் கேட்டது மூன்றே மூன்று சீடர்களைப் பார்த்துத்தான். அவர்களிடமும் அவர் ஒரு மணி நேரத்தைத்தான் கேட்டார்.

அடுத்த பேரவைக் கூட்டம் இம்மாதக் கடைசி ஞாயிறு என்று அறிகிறேன். அன்று இந்த மடலை வாசித்து, சீட்டுப் புத்தகத்தை ஓராண்டு ஒத்திவைப்பதா என்பதை முடிவு செய்யுங்கள். ஒத்திவைப்பதாக முடிவானால், பதிவேட்டுக்கு 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடுபோட்டுத் தருகிறேன். யாரும் கேட்கத் தயங்கும் பிற்பகல் 2 முதல் 3 மணி வரையுள்ள நேரத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எனக்குக் கண் செருகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் உட்காரும் இரண்டாமவராகத் தட்டி எழுப்பக்கூடிய ஒருவரைப் போடுங்கள்.

இறை இயேசுவில்,
உங்கள் பங்கு மக்களில் ஒருவன்